கடலாராய்ச்சியில் திட்டம் பல, பணியிடம் சில: பல்கலைக்கழகத்தில் சேரும் முன்

2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் பிரான்சின் நோட்டீல் நீர்மூழ்கிக் கலத்தில் அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கினார்கள். ஒருவர் 4,025 மீட்டர் ஆழத்துக்கும் மறுநாள் இன்னொருவர் 5,002 மீட்டர் ஆழத்துக்கும் போய்வந்தார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக என்ஐஓடி, உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கிக் கலத்துக்கான முன்பயிற்சி அது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் மாணவர்களும் பெற்றோரும் கேட்பது ஒன்றுதான்: கடல் அறிவியல் படித்தால் இந்த வேலைக்குப் போகலாமா?

அந்தக் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: படிப்பு, ஆராய்ச்சித் திட்டம், நிரந்தரப் பணியிடம். படித்தால் திட்டத்தில் சேரலாம், திட்டத்தில் சேர்ந்தால் பணி உறுதி என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மூன்றும் தனித்தனிக் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு.

4,077 கோடி ரூபாய் யாரைத் தேடுகிறது

ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் தந்தது. ஐந்தாண்டுக்கு 4,077 கோடி ரூபாய். மனிதர் இறங்கும் கலம் அதன் ஒரு பகுதி மட்டுமே. காலநிலைக் கணிப்பு, ஆழ்கடல் உயிரினங்கள், கடலடி ஆய்வு, கடலிலிருந்து மின்சாரமும் குடிநீரும், கடல் உயிரியல் நிலையம் என்று மற்றவையும் உண்டு.

கலத்தை மட்டும் பார்ப்போம். மூன்று பேர் உட்காரும் அறை 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளம். 6,000 மீட்டர் ஆழத்தில் அதை அழுத்துவது தரைமட்டக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 600 மடங்கு. இதை வடிவமைக்க உலோகவியல், இயந்திரவியல், கப்பல் கட்டுமானம், மின்னணுவியல், நீருக்கடியில் ஒலிவழித் தகவல்தொடர்பு ஆகியவை தெரிந்தவர்கள் வேண்டும். கடல் உயிரியல் முதுகலை முடித்தவருக்கு அங்கே இடம் இல்லை.

ஆனால் அதே திட்டத்தின் இன்னொரு மூலையில் அவர் இல்லாமல் வேலை நடக்காது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக முடிச்சுகளை, அதாவது கடலடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளை ஆராய, சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் 2002 முதல் இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அந்தச் சேற்றில் எந்தப் புழு வாழ்கிறது, எந்த நுண்ணுயிர் வாழ்கிறது என்று முதலில் பதிவு செய்யாமல் யாரும் அங்கே தோண்ட முடியாது. ஒரு புழுவை நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்லக்கூடிய வகைப்பாட்டியல் அறிஞர்கள் நாட்டில் குறைந்துகொண்டே வருகிறார்கள். செய்தியில் படம் வருவது கலத்துக்கு. ஆள் தட்டுப்பாடு இங்கே.

கடல் அறிவியல் என்பது எத்தனை படிப்புகள்

1. கடல் இயற்பியல். நீரோட்டம், அலை, வெப்பம், உப்புத்தன்மை, புயல். தமிழ்நாட்டில் அதிகம் கவனிக்கப்படாத கதவு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வங்கக் கடலின் மேல்மட்டத்தில் ஆற்று நீரும் மழை நீரும் மெல்லிய அடுக்காகப் பரவி நிற்கின்றன. உப்புக் குறைந்த இந்த அடுக்கு கனம் குறைந்தது, கீழே உள்ள குளிர்ந்த நீருடன் எளிதில் கலக்காது. அதனால் மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது, புயலுக்குத் தீனி கிடைக்கிறது. நம் கரையோர நீரோட்டமோ ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது: தென்மேற்குப் பருவமழைக்கு முன் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கி. இவற்றைச் சமன்பாடுகளாலும் கணினி மாதிரிகளாலும் ஆராய்வதுதான் வேலை. வேண்டியது கணிதமும் நிரல் எழுதத் தெரிவதும். எம்.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ முடித்து வேலை தேடுபவர்கள் நம் ஊரில் ஏராளம். இந்தக் கதவு தங்களுக்கும் திறந்திருக்கிறது என்று அவர்களுக்கு யாருமே சொல்வதில்லை.

2. கடல் உயிரியல். தமிழ்நாட்டில் கடல் படிப்பு என்றாலே பலர் சேர்வது இதில்தான். மிதவை உயிரிகள், பவளம், அலையாத்தி, மீன், நுண்ணுயிர், கடற்பாசி எல்லாம் இதில் அடக்கம். ஆட்கள் அதிகம், போட்டியும் அதிகம். மரபணு வரிசையைப் பகுப்பாய்வு செய்யவோ புள்ளியியலைக் கையாளவோ தெரிந்தவர் உடனே தனித்துத் தெரிவார்.

3. கடல் வேதியியல். ஊட்டச்சத்து, ஆக்சிஜன், அமிலத்தன்மை, கன உலோகம், நெகிழித்துகள். அனல்மின் நிலையம், துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று கரையோரத்தில் எது வந்தாலும் நீர்ப் பரிசோதனை வேண்டும் என்பதால், பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை கிடைக்கும் வாய்ப்பு இதில் கூடுதல்.

4. கடல் நிலவியல். கரை அரிப்பு, வண்டல், கடலடிப் படிமம்.

5. கடல் பொறியியல். இது வேறு பாதை. பி.இ. அல்லது பி.டெக். முடித்து, சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறை போன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கானது.

மீன்வளப் படிப்பு இந்தப் பட்டியலில் சேராது. அது தொழிற்கல்வி. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம் என்று அதற்குத் தனி அமைப்பே உண்டு. அரசு மீன்வளத் துறைப் பணிகளில் அந்தப் பட்டத்துக்கு இருக்கும் மதிப்பு கடல் உயிரியல் பட்டத்துக்கு அப்படியே கிடைத்துவிடாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு, வேலை அறிவிக்கையைப் பார்க்கும்போது அதிர்ந்துபோகிறவர்கள் உண்டு.

பல்கலைக்கழகத்தில் என்ன இருக்கிறது, நிறுவனத்தில் என்ன இருக்கிறது

1960களின் முற்பாதியில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம்தான் இந்தியக் கடலியலுக்குப் பெரிய திருப்பம். அதன் தொடர்ச்சியாக 1966 ஜனவரியில், இன்று கோவாவில் தலைமையகம் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. என்.கே. பணிக்கர் அதன் முதல் இயக்குநர். மீன் ஆராய்ச்சி அதற்கும் மூத்தது: மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கி, மண்டபத்தில் இயங்கி, பிறகுதான் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. 1993இல் என்ஐஓடி, 1999இல் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் எனும் இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் என்று பட்டியல் நீளும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அமைக்கப்பட்ட சுனாமி எச்சரிக்கை மையம் இன்காய்ஸில்தான் இருக்கிறது. மீன் கூட்டம் எங்கே இருக்கக்கூடும் என்று மீனவர்களுக்குத் தகவல் அனுப்புவதும் இவர்கள்தான்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெயர் பெற்றது பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1961இல் கடல் உயிரியல் நிலையத்தை அமைத்தது. ஆர்.வி. சேஷையா அதைத் தொடங்கி நடத்தினார். ஆறு, கழிமுகம், கடற்கரை, பிச்சாவரத்து அலையாத்திக் காடு எல்லாம் நடந்தும் படகிலும் போகும் தூரத்தில் கிடைப்பது பெரிய கொடுப்பினை. இது தவிர மதுரை காமராசர், அழகப்பா, பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களிலும் கடல் சார்ந்த துறைகள் இருக்கின்றன.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு எளிது. கப்பல், மிதவைக் கருவி, பெரிய கணினி ஆகியவை பெரும்பாலும் மத்திய நிறுவனங்களிடம். பட்டம் தரும் அதிகாரம், மாணவர்கள், பல ஆண்டுகள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை ஆகியவை பல்கலைக்கழகத்திடம். அதனால் இரண்டையும் இணைத்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு. நிறுவனத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம். பல்கலைக்கழகத்தில் இருந்தபடி நிறுவன விஞ்ஞானி ஒருவரை இணை நெறியாளராக வைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

முனைவர் பட்டத்துக்குள் நுழைவது, பணம் வருவது

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டாண்டு உண்டு. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் நெறிப்படுத்தலாம். 2024 முதல் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடத்த வழி செய்யப்பட்டிருக்கிறது.

சரி, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம்? இங்கேதான் ஆளுக்கு ஆள் நிலைமை மாறுகிறது.

1. தேர்வெழுதி வென்ற உதவித்தொகை. சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) அல்லது யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு தகுதி மதிப்பீட்டின் பேரில் 42,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. மொத்தம் ஐந்தாண்டு. இந்தப் பணம் மாணவரின் பெயரில் வருகிறது. நெறியாளரின் திட்டம் முடிந்தாலும் இது நிற்காது.

2. திட்டத்தில் கிடைக்கும் பணி. பேராசிரியர் ஏதோ ஒரு அமைச்சகத்திடமிருந்து மூன்றாண்டுத் திட்டம் வாங்கியிருப்பார். அதில் ஆராய்ச்சியாளராகச் சேர்க்கப்படுவீர்கள். திட்டம் தொடங்கி ஓராண்டு கழித்துச் சேர்ந்தால் உங்களுக்கு மீதி இருப்பது இரண்டாண்டுதான். முனைவர் பட்டமோ குறைந்தது மூன்றாண்டு, நடைமுறையில் இன்னும் கூடும். இடையில் தவணைப் பணம் வரத் தாமதமானால் மாதக்கணக்கில் ஊதியம் நிற்கும். பணம் நின்றுபோனதால் ஆய்வேட்டைப் பாதியில் வைத்துவிட்டு இறால் பண்ணைக்கோ பள்ளிக்கூட வேலைக்கோ போனவர்கள் இந்தத் துறையில் நிறைய. பெரும்பாலும் அவர்கள் திறமைக் குறைவால் போனவர்கள் அல்லர்.

3. பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை. தொகை சிறியது. தனியே அதை நம்பி நகரத்தில் வாழ்வது கடினம்.

நெட் தேர்வில் கடல் மாணவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சிஎஸ்ஐஆர் நெட்டில் ஐந்தே பாடங்கள். கடலியலுக்கு இடமுள்ள பாடம் 'புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல்'. அதில் கடல் இயற்பியலும் நிலவியலும்தான் மேலோங்கியிருக்கும். கடல் உயிரியல் படித்தவர் எழுத வேண்டியது உயிர் அறிவியல் தாள். அதில் கேட்பது செல் உயிரியல், மரபியல், உயிர்வேதியியல் எல்லாம் சேர்த்து. முதுகலையில் இரண்டாண்டு கடலைப் படித்துவிட்டு, தேர்வுக்குக் கடல் இல்லாத பாடத்தைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. முதலாண்டிலேயே இது தெரிந்தால் சமாளிக்கலாம். பாடத்திட்டத்தில் இதற்குத் துறைகள் இடம் ஒதுக்காமல் இருப்பது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே சொல்வேன்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்

கழிமுக நீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் முழுக்க, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். அலையாத்திக் காட்டு வாய்க்காலில் பகலில் பாசிகள் ஆக்சிஜன் விடும். இரவில் எல்லா உயிரும் சுவாசித்துக்கொண்டே இருக்கும், விடுவதற்கு ஆளில்லை. ஆக, அளவு அடிமட்டத்துக்கு இறங்குவது விடியற்காலையில். பகலில் மட்டும் மாதிரி எடுத்தால் விடை தவறாகிவிடும்.

நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடிக்கும்போது குழாயின் நுனி குப்பியின் அடியைத் தொட வேண்டும். நீர் அடியிலிருந்து எழும்பி, வாய்வழியே கொஞ்ச நேரம் வழிய வேண்டும். ஒரு காற்றுக்குமிழி உள்ளே நின்றாலும் அந்தக் குப்பி வீண். அந்த இடத்திலேயே மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்து மூடிக் குலுக்கினால் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும். படிவு வெள்ளையாக இருந்தால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். பிறகு ஆய்வுக்கூடத்தில் அமிலம் விட்டால் படிவு கரைந்து பொன்மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு வேளைக்கும், மூன்று குப்பிகள் வீதம். பருவம் மாறியதும் மறுபடி முதலிலிருந்து.

இந்த முறைக்குப் பெயர் விங்க்ளர் முறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. உணர்கருவிகள் வந்த பிறகும் அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்க இதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு பக்கம், தண்ணீரையே தொடாத கடலாராய்ச்சியும் உண்டு. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. அந்தத் தரவு எல்லோருக்கும் இலவசம். கடலே இல்லாத ஊரின் கல்லூரி மாணவிகூட ஒரு மடிக்கணினியோடு வங்கக் கடல் புயலுக்கு முன்னும் பின்னும் என்ன ஆனது என்று ஆராயலாம். பணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதை இன்னும் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. இன்காய்ஸ் வளாகத்தில் யுனெஸ்கோ ஆதரவோடு நடக்கும் செயல்முறைக் கடலியல் பயிற்சி மையம் இதற்கென்றே குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது.

கப்பலும் அனுமதியும்

சாகர் கன்யா 1983 முதல், சாகர் நிதி 2008 முதல் இந்தியாவின் ஆய்வுக் கப்பல்கள். பல்கலைக்கழக மாணவருக்கு அவற்றில் இடம் கிடைப்பது பெரும்பாலும் நெறியாளரின் திட்டம் வழியாகவோ, நிறுவனத்தோடு சேர்ந்து செய்யும் ஆய்வு வழியாகவோதான். மாதிரி எடுக்க வேண்டிய இடத்தைக் கப்பல் அடைந்தது இரவு இரண்டு மணி என்றால் கருவியை இறக்குவதும் இரண்டு மணிக்கே. கடல்நோய் சிலருக்கு இரண்டு நாளில் அடங்கும், சிலருக்கு அடங்காது.

பெண்கள் கப்பலில் போகலாமா என்று பெற்றோர் தயங்குவதுண்டு. தேசியக் கடலியல் நிறுவனத்தின் அதிதி பந்த் 1983இல் புறப்பட்ட குழுவோடு அண்டார்டிகாவுக்கே போய்வந்தவர். பெரிய கப்பல்களில் இன்று பெண் ஆய்வாளர்கள் பயணம் செய்வது இயல்பு. உண்மையான சிரமம் சின்னப் படகில் இருக்கிறது: அரை நாள் கழிமுகத்தில் சுற்றும்போது கழிப்பறை கிடையாது. பல மாணவிகள் அன்று தண்ணீர் குடிக்காமலேயே இருக்கிறார்கள். களப்பணித் திட்டம் போடும்போதே துறைகள் இதற்கு ஏற்பாடு செய்தாக வேண்டும்.

அனுமதி பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பவளம், கடற்குதிரை, கடல் அட்டை, கடற்பசு எனப்படும் ஆவுளியா ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டி ஆய்வு செய்ய வனத்துறையின் முன் அனுமதி தேவை. அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம். ஆய்வுக்கூடத்திலோ, அனுமதி தேவைப்படாத கரையிலோ செய்யும் ஒரு பகுதியையும் ஆய்வேட்டில் வைத்துக்கொண்டால் காத்திருக்கும் காலம் வீணாகாது.

பட்டத்துக்குப் பிறகு

உதவிப் பேராசிரியர் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். மத்திய நிறுவனங்களில் விஞ்ஞானி 'பி' எனும் தொடக்க நிலைக்கு 56,100 ரூபாய். தொகை நல்லதுதான், ஆனால் இடங்கள் குறைவு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் ஆண்டுகள் ஓடுகின்றன. வகுப்புகள் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நடக்கின்றன. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியராக நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று யுஜிசி சொல்லிவிட்டது. ஆனால் ஆராய்ச்சித் துறையின் நேர்காணலில் கட்டுரைகள் இல்லாதவர் தேறுவது அரிது.

கலைக்கல்லூரியில் விலங்கியல் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் கடல் உயிரியல் பட்டம் அதற்கு இணையா என்ற கேள்வி வரும். இணைத்தன்மை அரசாணை உங்கள் பட்டத்தின் பெயரைக் குறிப்பிடுகிறதா என்று முதுகலையில் சேரும்போதே பாருங்கள். ஒரு சொல் மாறினாலும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம்.

அடுத்தது முதுமுனைவர் ஆய்வு, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் ஆய்வு. உள்நாட்டில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய முதுமுனைவர் உதவித்தொகை முக்கியமானது. ஜெர்மனி, நார்வே போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வே பெரும்பாலும் ஊதியமுள்ள ஒப்பந்தப் பணி என்பதால், முதுகலை முடித்ததும் அங்கே முயல்வதும் நல்ல வழி. பல்கலைக்கழகத்துக்கு வெளியே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், துறைமுகங்கள், இறால் குஞ்சு பொரிப்பகங்கள், கடல்வளப் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கின்றன. அங்கே ஆய்வேட்டின் தலைப்பை யாரும் கேட்கமாட்டார்கள். என்ன கருவி தெரியும், வரைபட மென்பொருள் தெரியுமா, அறிக்கை எழுத வருமா என்றுதான் கேட்பார்கள்.

சேரும் முன் நெறியாளரிடம் கேட்க வேண்டியவை

கேட்கக் கூச்சமாக இருக்கும். மரியாதையாகக் கேட்டால் நல்ல நெறியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய பழைய மாணவர்கள் இருவரிடமாவது தனியாகவும் பேசுங்கள்.

1. திட்டம் என்று தொடங்கியது, என்று முடிகிறது? முடிந்த பிறகு எனக்கு வருமானம் எங்கிருந்து?

2. கடைசியாக முடித்த மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? பாதியில் போனவர்கள் உண்டா?

3. களப்பணிக்கான படகு வாடகை, வேதிப்பொருள் செலவு யாருடையது? மாணவர் தன் உதவித்தொகையிலிருந்து போட வேண்டிய நிலை பல இடங்களில் இருக்கிறது.

4. கட்டுரைகள் எந்த இதழ்களில் வருகின்றன? பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் பத்துக் கட்டுரை போட்டாலும் நேர்காணலில் அது எதிராகவே போகும். 2022 விதிமுறை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்று சொல்லவில்லை. அவசரப்பட்டு அந்த இதழ்களுக்குப் போகத் தேவையில்லை. 2025 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களும் தரமான இதழ்களைப் படிக்க முடிகிறது. உங்கள் வளாகத்தில் அது செயல்படுகிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

5. நான் எடுக்கும் மாதிரிகளும் தரவும் யார் பெயரில் இருக்கும்? திட்டம் முடிந்த பிறகு அவற்றை வைத்து நான் தொடர்ந்து எழுதலாமா? இதற்கு வாய்மொழிப் பதில் போதாது. முதல் மாதிரியைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.